விண்மீனைக் கிழிக்கும் ஓதம்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில் தொழிற்சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் குறைவில்லை. எஃகை வாங்கி உருமாற்றி விற்கும் தொழில்களில், அந்த எஃகு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று சோதித்துப் பார்ப்பது வழக்கம். 'டென்சைல் டெஸ்ட்' என்று தொழிலாளர் கூறும் இச்சோதனை மிக எளியது. ஒரு சிறு எஃகுத் தண்டின் இரு முனைகளையும் எந்திரத்தின் இரு தாடைகள் கவ்விக்கொள்கின்றன. எந்திரம் மெல்ல மெல்ல இழுக்கிறது. முதலில் தண்டில் எந்த மாறுதலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னர் அது நீள்கிறது. ஓரிடத்தில் கழுத்துப் போல் ஒடுங்குகிறது. திடீரென்று பெரும் ஓசையுடன் இரண்டாக அறுந்துவிடுகிறது.

ஒரு பொருளை அறுக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுத்தால் அது அறாது, இழுப்பவருடன் வந்துவிடும். இது நாம் அறிந்ததே. ஆனால், கருந்துளை என்னும் பொருள் விண்மீன்களை இழுத்தே கிழித்துவிடுகிறது என்று வானியலார் கூறுகின்றனர். கருந்துளை இருப்பதோ விண்மீனின் ஒரு பக்கத்தில்தான். மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ள அங்கே எந்தத் தாடையும் இல்லை. பிறகு விண்மீன் ஏன் கிழிய வேண்டும்? முழுதாகப் போய் அதனுள் விழ வேண்டியதுதானே?

மூன்று லாரிகள்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் சென்றவர்கள் சூளகிரிக்கு அப்பால் வரும் மேலுமலை இறக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஓர் இறக்கத்தில் மூன்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவற்றை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டியிருக்கிறோம். எந்த லாரியிலும் எந்திரம் ஓடவில்லை, பிரேக்கும் போடவில்லை. சாலை போகப் போகச் சரிவு மிகுந்துகொண்டே செல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

லாரிகள் தாமாக உருளத் தொடங்கும். முன்னால் உள்ள லாரி செங்குத்தான சரிவில் இருப்பதால் மிக விரைவாக வேகம் பெறுகிறது. நடுலாரி அதைவிடக் குறைவாகவும், கடைசி லாரி எல்லாவற்றிலும் குறைவாகவும் வேகம் பெறுகின்றன. மூன்றும் ஒரே திசையில்தான் போகின்றன. யாரும் எதையும் பின்னுக்கு இழுக்கவில்லை. ஆயினும் கயிறுகள் இரண்டும் விறைக்கின்றன. நடுலாரியின் ஓட்டுநர் என்ன காண்பார்? முன்லாரி தம்மை விட்டு முன்னே விலகுகிறது. பின்லாரி பின்னே விலகுகிறது. இரண்டு பக்கமும் யாரோ பிடித்து இழுப்பது போலவே அவருக்குத் தோன்றும். சரிவு மேலும் மிகுந்தால் கயிறு அறுந்துபோகும்.

ஈர்ப்பு விசையும் அந்தச் சாலையைப் போன்றதுதான். ஈர்க்கும் பொருளை நெருங்க நெருங்க அதன் வலிமை கூடுகிறது. எனவே ஒரு விண்மீனின் அருகுப் பக்கம் வலுவாகவும், மையம் அதனினும் குறைவாகவும், அப்பாலுள்ள பக்கம் இன்னும் குறைவாகவும் ஈர்க்கப்படுகின்றன. விண்மீனை நீட்டி இழுப்பது ஈர்ப்பின் வலிமை அன்று. ஒரு பக்கத்து ஈர்ப்புக்கும் மறுபக்கத்து ஈர்ப்புக்கும் உள்ள வேறுபாடு. இந்த வேறுபாட்டுக்கு ஓத விசை என்று பெயர்.

மூக்கண்டப்பள்ளியிலும் ஓதம்

ஓதம் என்பது கடல்நீர் ஏறி வற்றுவதைக் குறிக்கும் பழைய சொல். கடற்கரையில் வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சி அது. நிலவின் ஈர்ப்பில் உள்ள வேறுபாடு பூமியை இரு பக்கமும் சிறிது நீட்டுகிறது. அதனால்தான் கடல் ஒரு நாளில் பெரும்பாலும் இருமுறை பொங்குகிறது. நிலவை நோக்கிய பக்கத்தில் மட்டுமன்றி எதிர்ப்பக்கத்திலும் நீர் ஏன் உயர்கிறது என்று பல மாணவர்கள் குழம்புவதுண்டு. பின்னே விலகிய கடைசி லாரியை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கடலில்லாத மூக்கண்டப்பள்ளிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ஓதம் நீரோடு நின்றுவிடுவதில்லை. திண்மையான தரையும் நிலவாலும் சூரியனாலும் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. நம் பகுதியில் இந்த ஏற்ற இறக்கம் சில பத்து சென்டிமீட்டர் அளவு இருக்கும். பள்ளிக்கூடம், சாலை, ஏரி, பாறை எல்லாமே சேர்ந்து உயர்ந்து சேர்ந்து தாழ்வதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் நுட்பமான கருவிகளுக்குத் தெரிகிறது. ஜெனீவா நகருக்கு அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி வளையம் ஒன்று நிலத்தடியில் அமைந்திருந்தது. நிலவின் ஓதத்தால் அதன் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மாறியதை 1990-களில் அறிவியலார் அளந்து கண்டனர்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. பூமியைச் சூரியன் ஈர்க்கும் விசை, நிலவு ஈர்க்கும் விசையைப் போல் ஏறத்தாழ 180 மடங்கு. ஆனால் சூரியனால் உண்டாகும் ஓதம் நிலவின் ஓதத்தில் பாதிகூட இல்லை. காரணம், ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஓத விசையோ தொலைவின் கனத்துக்கு ஏற்பக் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும்; ஓத விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். சூரியன் மிகப் பெரியது. ஆனால் மிகத் தொலைவில் உள்ளது. அதன் சாலையில் சரிவு உண்டு. சரிவின் மாறுதல்தான் குறைவு. இதை மறவாதீர்கள். பின்னால் கருந்துளைகளிடம் வரும்போது இதே வியப்பு வேறொரு வடிவில் நம்மை எதிர்கொள்ளப்போகிறது.

உடையும் எல்லை

நிலவு இன்று 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் பாதுகாப்பாக இருக்கிறது. அதை மேலும் மேலும் பூமியின் அருகே கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் தொலைவில், அதைச் சேர்த்து வைத்திருக்கும் அதன் சொந்த ஈர்ப்பைப் பூமியின் ஓத விசை வென்றுவிடும். நிலவு குலைந்து பூமியைச் சுற்றும் வளையமாக மாறும். இவ்வகையான எல்லையை 1848-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் எடுவார் ரோச் கணக்கிட்டார். அவர் பெயரால் அது ரோச் எல்லை எனப்படுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பின்னர் சிகாகோவில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர், 1960-களில் ரோச்சின் கணக்கை மீண்டும் கையிலெடுத்து மிக நுட்பமாக ஆராய்ந்தார். ஓத விசையால் நீண்டுபோன பொருள்களின் வடிவங்களைப் பற்றிய அவரது நூல் 1969-இல் வெளியாயிற்று.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. ஷூமேக்கர்-லெவி 9 என்னும் வால்மீன் 1992-இல் வியாழனுக்கு மிக அருகே சென்றபோது இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்தது. 1994 ஜூலையில் அத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாழனிலேயே விழுந்ததை உலகமெங்கும் தொலைநோக்கிகள் வழியே கண்டனர்.

அப்படியானால் பூமியை அருகிலேயே சுற்றிவரும் செயற்கைக் கோள்கள் ஏன் உடைவதில்லை? நல்ல கேள்வி. அவை யாவும் ரோச் எல்லைக்கு உள்ளேதான் சுற்றுகின்றன. ஆனால் செயற்கைக் கோளைச் சேர்த்து வைத்திருப்பது அதன் ஈர்ப்பு அன்று. போல்ட்டும் நட்டும் வெல்டிங்கும், உலோக அணுக்களிடையே உள்ள பிணைப்பும். அந்தப் பிணைப்பின் முன் பூமியின் ஓத விசை ஒரு பொருட்டே இல்லை. விண்மீனுக்கோ இந்த வசதி கிடையாது. அது வெறும் வாயுப் பந்து. தன் ஈர்ப்பு ஒன்றைத் தவிர அதைக் கட்டிவைக்க வேறு கயிறு இல்லை.

ஒரு பாடவேளையில் முடியும் வேலை

கருந்துளை என்பது, ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்கு நெருக்கமாகத் திரண்ட பொருள். அதைச் சுற்றியுள்ள, திரும்பி வர முடியாத எல்லையை நிகழ்வெல்லை என்பர். சூரியனின் நிறைக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் என்ற கணக்கில் நிகழ்வெல்லையின் ஆரம் அமைகிறது. பத்து லட்சம் சூரியன்களின் நிறையுள்ள கருந்துளைக்கு 30 லட்சம் கிலோமீட்டர். இத்தகைய பெருங்கருந்துளைகள் விண்மீன் மண்டலங்களின் மையத்தில் உள்ளன. நமது பால்வழி மண்டலத்தின் மையத்தில் இருப்பது ஏறத்தாழ 43 லட்சம் சூரிய நிறை உடையது.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால், நாம் இருளிலும் குளிரிலும் வாடுவோமேயன்றிப் பூமி தன் பாதையில் இப்போது போலவே சுற்றிவரும். ஆபத்து அருகே செல்வோருக்குத்தான்.

எவ்வளவு அருகே? கணக்கு கடினமன்று. கருந்துளையின் நிறை விண்மீனின் நிறையைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த எண்ணின் கனமூலத்தால் விண்மீனின் ஆரத்தைப் பெருக்குங்கள். பத்து லட்சத்தின் கனமூலம் 100. சூரியனின் ஆரம் ஏறத்தாழ 7 லட்சம் கிலோமீட்டர். ஆகவே 7 கோடி கிலோமீட்டர் தொலைவுக்குள் வரும் சூரியனையொத்த விண்மீன் கிழிபடும். அந்த இடத்தில் அது வினாடிக்கு 60,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், அதாவது ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில், பாய்ந்துகொண்டிருக்கும். பல நூறு கோடி ஆண்டுகள் வாழ்ந்த விண்மீன் ஒன்று, நம் பள்ளியில் ஒரு பாடவேளை முடிவதற்குள் குலைந்துவிடுகிறது.

குலைந்த விண்மீன் நீண்ட இழையாக மாறுகிறது. மேலைநாட்டார் இதற்குத் தங்கள் ஊர் ஸ்பகெட்டி என்னும் மாவிழை உணவின் பெயரைச் சூட்டியுள்ளனர். நாம் இடியாப்ப உழக்கிலிருந்து இறங்கும் இழையை எண்ணிக்கொள்ளலாம்.

இந்த இழை முழுவதும் கருந்துளையில் விழுந்துவிடுவதில்லை. கருந்துளைக்கு அருகே இருந்த பாதிப் பொருள் அதன் பிடியில் சிக்கிக்கொள்கிறது. அப்பால் இருந்த பாதிக்குத் தப்பும் அளவு ஆற்றல் இருப்பதால் அது விண்வெளியில் வீசியெறியப்பட்டு மீளாமல் போய்விடுகிறது. சிக்கிய பாதி நீண்ட பாதையில் சுற்றித் திரும்புகிறது. நாம் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டில் முதல் துணுக்குகள் திரும்பிவர ஏறத்தாழ 40 நாள்கள் ஆகும். திரும்பி வரும் இழை தன்மீதே மோதி, உராய்ந்து, சூடேறி, கருந்துளையைச் சுற்றி ஒரு வட்டாகப் பரவுகிறது. வட்டு பல லட்சம் டிகிரி வெப்பமடைந்து புற ஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் உமிழ்கிறது. ஒளியற்ற கருந்துளை இருக்குமிடம் சில மாதங்களுக்கு ஒரு விண்மீன் மண்டலத்தையே மங்கச் செய்யும் ஒளியோடு சுடர்விடுகிறது.

சுடர் பின்னர் தணிகிறது. தணியும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. காலம் 8 மடங்கானால் திரும்பி விழும் பொருள் 32-இல் ஒரு பங்காகக் குறையும். வெடிக்கும் விண்மீன்களின் ஒளி இவ்விதம் தணிவதில்லை. ஆகவே இந்த ஒழுங்கு, கிழிபட்ட விண்மீனை இனங்காண உதவும் அடையாளங்களில் ஒன்றாயிற்று.

விண்மீன்கள் இப்படிக் கிழிபடலாம் என்ற கருத்தை 1975-இல் ஜாக் ஹில்ஸ் முன்வைத்தார். சுடரின் வரலாற்றை 1988-இல் மார்ட்டின் ரீஸ் விரிவாக விளக்கினார். கண்ணால் கண்டது அதற்குப் பிறகுதான். 1990-இல் ஏவப்பட்ட ஜெர்மானிய 'ரோசாட்' செயற்கைக் கோளின் பதிவுகளில், அதுவரை அமைதியாயிருந்த சில விண்மீன் மண்டலங்களின் மையம் எக்ஸ் கதிரில் திடீரெனச் சுடர்ந்து தணிந்தது தெரியவந்தது. ஒரு மண்டலத்தில் இந்நிகழ்ச்சி பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை. வானம் முழுவதையும் நாள்தோறும் துழாவ வேண்டும்.

21 கோடி ஒளியாண்டுக்கு அப்பால்

அப்படித் துழாவியபோது அகப்பட்டதுதான் ஏ.டி. 2019 கியூ.ஐ.இஸட். என்று குறிக்கப்படும் நிகழ்ச்சி. 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் பாலோமார் மலையிலுள்ள வான்துழாவும் தொலைநோக்கி இதைக் கண்டது. இடம், ஏறத்தாழ 21 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் மையம். அந்த ஒளி புறப்பட்டபோது பூமியில் டைனோசார்கள் தோன்றியிருந்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாறைகளோ அப்போதே இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதானவை! கிழிந்த விண்மீன் ஏறத்தாழ நம் சூரியனின் நிறை உடையது. கருந்துளை ஏறத்தாழ பத்து லட்சம் சூரிய நிறை உடையது. அதாவது நாம் மேலே போட்ட கணக்கு இதற்குப் பெரிதும் பொருந்தும்.

கதை அத்துடன் முடியவில்லை. சுடர் தணிந்தபின், 2023 டிசம்பரில் 'சந்திரா' எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அந்த இடத்தைச் சில மணி நேர இடைவெளியில் மூன்று முறை நோக்கியது. இத்தொலைநோக்கிக்கு நம் சந்திரசேகரின் பெயரைத்தான் அமெரிக்கர் சூட்டியுள்ளனர். முதல் முறையும் மூன்றாம் முறையும் கதிர் மங்கலாக இருந்தது. இடையில் மட்டும் பளிச்சிட்டது. உடனே பன்னாட்டு விண்வெளி நிலையத்திலுள்ள 'நைசர்' கருவியைத் திருப்பிப் பார்த்தனர். ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ் கதிர் பளிச்சிட்டுக்கொண்டிருந்தது. 'சுவிஃப்ட்' என்னும் அமெரிக்கச் செயற்கைக் கோளும் இந்தியாவின் 'அஸ்ட்ரோசாட்'டும் நோக்கி இதை உறுதிப்படுத்தின. பெல்ஃபாஸ்ட் நகரின் மாட் நிக்கோல் தலைமையிலான குழு இதனை 2024 அக்டோபரில் வெளியிட்டது.

அஸ்ட்ரோசாட் நமக்கு அயலானது அன்று. எக்ஸ் கதிர்களைப் பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் தரையிலிருந்து அவற்றைப் பார்க்க இயலாது. ஆகவே 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்த வானாய்வுச் செயற்கைக் கோள் ஏவப்பட்டது. பூமிக்கு 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றத் தொடங்கியது. அதன் புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணிக்குப் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தலைமை ஏற்றது. மூக்கண்டப்பள்ளியிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய ஊர் அது. ஐந்தாண்டு உழைப்பதற்கென அமைக்கப்பட்ட அஸ்ட்ரோசாட், அந்தக் கெடுவைத் தாண்டியபின் செய்த வேலைகளில் ஒன்று இது.

48 மணிக்கு ஒருமுறை பளிச்சிடுவது ஏன்? கிழிந்த விண்மீனின் பொருள் வட்டாகப் பரவி, ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிப்புறமாக விரிந்தது. அந்தக் கருந்துளையைப் பாதுகாப்பான தொலைவில் வேறொரு பொருள், ஒரு விண்மீனோ சிறு கருந்துளையோ, முன்பிருந்தே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. விரிந்த வட்டு அதன் பாதையை எட்டியது. இப்போது அப்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் வட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு மோதலிலும் சூடான வாயு தெறித்துப் பளிச்சிடுகிறது. வட்டு உண்மையிலேயே அவ்வளவு தூரம் விரிந்துள்ளதா என்பதை 'ஹபிள்' தொலைநோக்கியின் புற ஊதாப் பதிவுகள் காட்டின. செத்த விண்மீனின் சிதறல், உயிரோடிருக்கும் மற்றொன்றைக் காட்டிக்கொடுத்தது. இல்லையேல் 21 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள அச்சிறு பொருளை எந்தத் தொலைநோக்கியாலும் நாம் அறிந்திருக்க முடியாது.

ஓசையின்றி விழுங்குபவை

இப்போது முன்பு சொன்ன வியப்புக்கு வருவோம். கருந்துளை பெரிதாக இருந்தால் விண்மீனை இன்னும் கொடுமையாகக் கிழிக்கும் என்றுதானே எவரும் நினைப்பர்? கணக்குப் போட்டுப் பாருங்கள். கருந்துளையின் நிறை 100 மடங்காகிப் பத்துக் கோடி சூரிய நிறை ஆனால், நிகழ்வெல்லையும் 100 மடங்காகி 30 கோடி கிலோமீட்டர் ஆகிவிடும். ஆனால் கிழிக்கும் தொலைவு கனமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். அது 32 கோடி கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன! இதற்கும் மேற்பட்ட கருந்துளைகளில் கிழிக்கும் எல்லை நிகழ்வெல்லைக்கு உள்ளே போய்விடுகிறது. கருந்துளை தன்னைத்தானே சுற்றும் வேகத்தைப் பொறுத்து இந்த வரம்பு சற்று முன்பின் ஆகலாம்.

2019 ஏப்ரலில் முதன்முதலாக நிழலுருவம் வெளியிடப்பட்ட எம் 87 மண்டலத்துக் கருந்துளை ஏறத்தாழ 650 கோடி சூரிய நிறை உடையது. அதன் நிகழ்வெல்லை 1,900 கோடி கிலோமீட்டருக்கு மேல். கிழிக்கும் தொலைவோ வெறும் 130 கோடி கிலோமீட்டர். நம் சூரியன் அதனுள் விழ நேர்ந்தால் உருண்டை வடிவம் பெரிதாகக் குலையாமலே எல்லையைக் கடந்துவிடும். இழையும் இல்லை, வட்டும் இல்லை, சுடரும் இல்லை. சாலை எவ்வளவு ஆழம் இறங்கினாலும், சரிவு மெதுவாக மாறினால் கயிறு அறுவதில்லை.

இதனால் ஒரு நன்மையும் விளைகிறது. சூரியனையொத்த விண்மீன் ஒன்று கிழிபட்டுச் சுடர்ந்தால், அங்குள்ள கருந்துளை பெரும்பாலும் பத்துக் கோடி சூரிய நிறைக்கு உட்பட்டது என்று அறிந்துகொள்ளலாம். இருளில் ஒளிந்திருக்கும் ஒன்றைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது போன்ற வேலை இது.

விண்மீன் மாறினால் விடையும் மாறும். முதுமையில் ஊதிப் பருத்த செம்பூத விண்மீனின் ஆரம் சூரியனைப் போல் 100 மடங்கு என்று கொள்ளுங்கள். நிறை மட்டும் சூரியனுடையதே. எம் 87 கருந்துளைக்கு மீண்டும் கணக்கிடுங்கள். அடுத்து, சந்திரசேகர் இளமையில் ஆராய்ந்த வெண்குறு விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம் சூரியனுடையதில் நூறில் ஒரு பங்கு. பத்து லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளையால் அதைக் கிழிக்க முடியுமா? இரண்டுக்கும் வேண்டிய எண்கள் எல்லாம் மேலே உள்ளன. ஒரு பென்சிலும் அரைப்பக்கத் தாளும் போதும்.